முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

(நம் பழைய மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது உபயோகமான விஷயமாப் பேசுப்பா, வேலை வாய்ப்பு, ஸ்டார்ட்-அப்னு எல்லாரும் பேசிட்டாங்க" என்றார். அதனால் உபயோகமான ஒன்றையே எடுத்துக்கொண்டேன். பிரசவ ஆபரேஷனுக்குக் கொடுக்கிற மயக்க மருந்து! தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் வருகிறது. சிரியுங்கள். மூன்று, நான்கு வருஷம் கழித்து உங்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் இன்ஜினியர். ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் மயக்க மருந்து மெஷின், மானிட்டர் இவற்றைக் கழற்றி மாட்டுவது என் தொழில். ஆனால் அந்த மெஷினுக்குக் கீழே படுத்திருக்கும் மனுஷிக்கு என்ன நடக்கிறது என்பதை, என் வீட்டு மனுஷி படுத்த பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இன்று சொல்லப்போகும் மருத்துவச் செய்திகளை ஒரு மயக்க மருந்து டாக்டரிடம் படித்துக் காட்டித் திருத்தி வாங்கியிருக்கிறேன். ஆனாலும் இது ஒரு அறிமுகம்தான். முடிவு உங்கள் டாக்டருடையதும், படுத்திருப்பவருடையதும்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2022 ஜூலை. என் மனைவிக்குத் தலைப்பிரசவம், பூப்பாறையில் தாய்வீட்டில் இருந்தாள். எங்கள் மாமனார் குடும்பம் மூன்று தலைமுறையாக ஏலத்தோட்டத்து மனிதர்கள். நான் சனிக்கிழமை லீவுக்குப் போயிருந்தேன். மலையில் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு அத்தை கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்து, "நல்லாச் சாப்பிடுத்தா, எந்நேரம் வலி எடுக்கும்னு தெரியாது, தெம்பு வேணும்ல" என்று மனைவியை ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். பத்தேகாலுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஜீப்பில் கிளம்பினோம். போடிமெட்டு தாண்டி அந்தப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். காலேஜ் நாளில் பைக்கில் பாட்டுப் பாடிக்கொண்டு போன அதே ரோடு. அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் அவள் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் சட்டையையும் பிடித்திருந்தாள். முந்தல் வந்து சேர்ந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கீழே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, "குழந்தையோட இதயத் துடிப்பு விட்டு விட்டு இறங்குது. சிசேரியன்தான். மயக்க டாக்டர் தேனியிலேர்ந்து கிளம்பிட்டாங்க" என்றார். அந்த நேரம் பார்த்து என் அம்மாவின் போன். "ஏப்பா, முதுகுல ஊசி மட்டும் போட விட்றாத! உன் தம்பிக்கு எனக்குப் போட்டது, இன்னைக்கு வரைக்கும் முதுகு நிமிர முடியல. முழுசா மயக்கம் குடுக்கச் சொல்லு."

மயக்க மருந்து டாக்டர் வந்தார். அவரும் ஒரு பெண். மழையில் நனைந்த குடையைக்கூட மடக்காமல் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்பச் சாப்பிட்டாங்க?"

என் அத்தை சட்டென்று, "மத்தியானத்துலேர்ந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கல டாக்டர்" என்றார். சாப்பிட்டதாகச் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள், குழந்தைக்கு ஆபத்து என்று அவருக்குப் பயம். எனக்கு உண்மை தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அது மட்டுமா? "டாக்டர், முதுகுல வேணாம், முழு மயக்கமே குடுத்துடுங்க" என்று வேறு சொன்னேன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தவன் நான்!

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள்தான் வலிக்கு நடுவில் தலையைத் தூக்கி, "நான் சாப்பிட்டேன் டாக்டர். ஒம்போது மணிக்கு. கெழங்கும் மீனும்" என்றாள்.

டாக்டர் அவள் கையைப் பிடித்து, "நல்ல வேளை சொன்னம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அந்த ஐந்து நிமிஷத்தில் நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்பதை விளக்கத்தான் இந்தப் பேச்சு.

நண்பர்களே, இது ஏதோ ஒருவருக்கு நடக்கும் விஷயம் அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய அளவில் அது 21.5 சதவீதம். இது அதிகமா, அவசியமா என்பது வேறு பட்டிமன்றம். நமக்குப் புரிய வேண்டியது, நூற்றுக்கு நாற்பத்தைந்து குடும்பங்களிடம் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது என்பதுதான்.

வழிகள் என்னென்ன?

முதல் வழி, ஸ்பைனல். இன்று பெரும்பாலான சிசேரியன்கள் இதில்தான் நடக்கின்றன. நம் முதுகெலும்புக்குள் தண்டுவடத்தைச் சுற்றி ஒரு திரவம் இருக்கிறது. அதற்குள் மெல்லிய ஊசியால் சுமார் இரண்டு மில்லி மருந்தைச் செலுத்துகிறார்கள். ஐந்து, பத்து நிமிஷத்தில் நெஞ்சுக்குக் கீழே வலி தெரியாது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் தாங்கும். "ஊசி தண்டுவடத்துல குத்திட்டா?" என்று கேட்பீர்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே. அங்கே குதிரைவால் மாதிரி நரம்பிழைகள் திரவத்தில் மிதக்கின்றன. தண்ணீரில் மிதக்கும் நூலுக்குள் ஊசியை விட்டால் நூல் விலகிக்கொள்ளும் அல்லவா? பெரும்பாலும் அப்படித்தான்.

இதில் இன்ஜினியருக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. அந்த மருந்தின் பெயர் புபிவக்கெயின். தியேட்டரில் "ஹெவி" என்பார்கள். ஒரு மில்லிக்கு 80 மில்லிகிராம் குளுக்கோஸ் சேர்த்து முதுகுத் திரவத்தைவிடக் கனமாக்கியிருக்கிறார்கள். கனமானது பள்ளத்துக்கு ஓடும். முதலாண்டில் படித்த திரவ இயக்கவியல்தான்! ஊசி போட்டதும் படுக்க வைப்பதும், மேஜையை லேசாகச் சாய்ப்பதும் மருந்து எதுவரை ஏற வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தத்தான். பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தொட்டுத் தொட்டு, "இங்க ஜில்லுனு இருக்கா?" என்று கேட்டு எல்லையைச் சோதிக்கிறார்கள். அது சரியான உயரத்துக்கு வந்த பிறகுதான் கத்தி.

வலி தெரியாது, ஆனால் தொடுவதும் இழுப்பதும் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெண்கள் மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்துவிடுவார்கள். நிஜமாகவே வலித்தால் உடனே சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்வது இங்கே பெருமை அல்ல.

ஸ்பைனலில் ரத்த அழுத்தம் இறங்கும். ரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடுவதால் வரும் கோளாறு. கூடவே, மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையை அழுத்தும். பைப்பை மிதித்தால் மோட்டாருக்குத் தண்ணீர் வராத கதை. அதனால்தான் வலது இடுப்புக்கடியில் ஏதாவது வைத்து இடது பக்கம் சாய்க்கிறார்கள். குமட்டல், தலைசுற்றல் வந்தால் சொன்னதும், அழுத்தத்தை ஏற்ற மருந்து தயாராக இருக்கும்.

இரண்டாவது வழி, எபிடியூரல். இதில் திரவப் பைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றை வைத்துவிட்டு, அதன் வழியே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். சுகப்பிரசவத்தில் வலியைக் குறைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். இடையில் சிசேரியன் தேவைப்பட்டால் அதே குழாயில் பலமான மருந்தைச் செலுத்தலாம். வேலை செய்யக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஆபரேஷன் நீளும் என்று தெரிந்தால் ஸ்பைனலையும் எபிடியூரலையும் சேர்த்தே கொடுப்பதும் உண்டு.

மூன்றாவது, முழு மயக்கம். ஒரு நிமிஷத்தில் தூக்கம், தொண்டைக்குள் குழாய், மெஷின் மூலம் சுவாசம். ஒரு விநாடியும் வீணாக்க முடியாதபோதும், தாய்க்கு ரத்தம் கொட்டும்போதும், ரத்தம் உறையாத கோளாறு இருக்கும்போதும், முதுகில் ஊசி போட முடியாதபோதும் இதுவே கைகொடுக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் இதை மறுப்பதும் தப்பு.

பிறகு ஏன் எல்லோருக்கும் முழு மயக்கமே கொடுக்கக்கூடாது? கர்ப்பிணிகளுக்குத் தொண்டை வீங்கியிருக்கும், குழாய் போடுவது கடினம். ஆக்சிஜன் கையிருப்பும் சீக்கிரம் தீரும். மருந்து குழந்தைக்கும் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வயிறு. கர்ப்பத்தில், அதுவும் பிரசவ வலியில், உணவு செரிக்கத் தாமதமாகும். மயங்கிய நிலையில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. 1946-ல் நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற மருத்துவர் 44,016 பிரசவங்களின் பதிவுகளை அலசி, 66 பேருக்கு இப்படி நடந்ததை வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க இதில் கவனம் வந்தது.

இப்போது அன்று ராத்திரிக்கு வாருங்கள். வயிறு நிறையக் கிழங்கு. அத்தை சொன்னது பொய். மருமகன் கேட்டது முழு மயக்கம். அனுபவமுள்ள மயக்க டாக்டர்கள் பிரசவத்துக்கு வரும் எல்லோருக்கும் வயிறு நிறைந்திருப்பதாகவே வைத்துக்கொண்டுதான் செய்வார்களாம். ஆனாலும் அவர்களுக்குத் தரும் தகவல் நம் கையில்தான் இருக்கிறது. தப்பான அளவைக் கொடுத்துவிட்டுச் சரியான டிசைன் கேட்டால் எப்படி? அவசரமென்றால் சாப்பிட்டிருந்தாலும் ஆபரேஷன் செய்யத்தான் செய்வார்கள், தகுந்த வழியில் செய்வார்கள். ஆகவே பொய் சொல்ல அவசியமே இல்லை. முன்பே தேதி குறித்த சிசேரியன் என்றால் பொதுவாக ஆறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. மயக்க டாக்டரே கிடைக்காத இடங்களில், வெட்டும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் செய்வது. கடைசி வழி.

சிசேரியனோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் அதற்குத் தனி மயக்கம் வேண்டாம், அதே ஸ்பைனலில் முடிந்துவிடும். சுகப்பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடி வெளிவராமல் கையால் எடுக்க நேர்ந்தாலும் இதே கேள்விகள்தான்: எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது, எப்போது சாப்பிட்டார். ரத்தம் நிறையப் போயிருந்தால் ஸ்பைனல் அழுத்தத்தை இன்னும் இறக்கிவிடும் என்பதால் முழு மயக்கத்தைத் தேர்ந்தெடுப்பது உண்டு.

சரி, என் அம்மாவின் முதுகுவலி? ஊர் முழுக்க இந்தப் பேச்சுதான்: "முதுகுல ஊசி போட்டாங்க, அன்னைலேர்ந்து வலி." ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். ஆனால் ஊசியால் ஆயுசு பூராவும் முதுகுவலி வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பிள்ளை பெற்ற பெண்களில் ஊசி போடாதவர்களுக்கும் முதுகுவலி இருக்கிறது. என் அம்மா இருபது வருஷம் ஜீப்பில் மலையேறி ஏலக்காட்டுக்குப் போனவர். ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு காய்க்கும். நாள் முழுக்கக் குத்தவைத்துக் குனிந்துதான் காய் எடுக்க வேண்டும். சாயங்காலம் மூட்டையைத் தூக்க வேண்டும். பிரசவமாகி மூன்றாம் மாதமே திரும்பிப் போனவர். அந்த முதுகை ஒடித்தது எது? ஊசியைக் குற்றம் சொல்வது சுலபம், ஏனென்றால் ஊசி ஒரே ஒரு நாள் போட்டது, ஞாபகம் இருக்கிறது. வேலை தினமும் இருந்தது, யாரும் கணக்கு வைக்கவில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியும் இருக்கும்ப்பா" என்றார்.

உண்மையில் கவனிக்க வேண்டியது தலைவலி. ஊசித் துளை வழியே திரவம் கசிந்தால், ஓரிரு நாளில் உட்கார்ந்தால் கடுமையாகவும் படுத்தால் குறைவாகவும் தலைவலி வரும். 1898-ல் ஜெர்மனியில் ஸ்பைனலை முதலில் செய்து காட்டிய ஆகஸ்ட் பியர், தன் மீதும் உதவியாளர் மீதும் சோதித்துப் பார்த்தார். உதவியாளரின் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் அடித்துக்கூட வலிக்கவில்லை! பிறகு இருவருமே தலைவலியில் அவதிப்பட்டார்கள். இன்று பென்சில் முனை போன்ற மெல்லிய ஊசிகள் வந்த பிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது. வந்தால் வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு கிடக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தானாகவே சரியாகலாம், இல்லையென்றால் அவரவர் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து முதுகில் செலுத்தித் துளையை அடைக்கும் முறையும் இருக்கிறது. பஞ்சர் ஒட்டுவது மாதிரி!

பிரசவ வலியைக் குறைப்பதே பாவம் என்று வாதிட்டவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். 1847-ல் எடின்பரோவில் சிம்ப்சன் பிரசவத்தில் மயக்க மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கியபோது எதிர்ப்பு வந்தது. 1853-ல் விக்டோரியா மகாராணியே எட்டாவது பிரசவத்தில் குளோரோஃபார்ம் எடுத்துக்கொண்ட பிறகு வாதம் அடங்கியது. கொடுத்தவர் ஜான் ஸ்நோ, மறு ஆண்டே லண்டனில் காலராவுக்கு ஒரு தண்ணீர்ப் பம்புதான் காரணம் என்று கண்டுபிடித்த அதே மனிதர். நம் ஹைதராபாத்தில் ரூபாபாய் ஃபர்துன்ஜி 1880-களின் கடைசியிலேயே குளோரோஃபார்ம் கொடுத்துக்கொண்டிருந்தார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவர் அவர். பிறந்த குழந்தைக்கு மார்க் போடும் 'ஆப்கார்' முறையைத் தந்த வர்ஜீனியா ஆப்காரும் மயக்க மருத்துவர்தான்.

தம்பி தங்கைகளே, இதில் நம் சாதிக்காரர்களுக்கும், அதாவது இன்ஜினியர் சாதிக்கும், பெரிய பங்கு உண்டு. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் தத்துவத்தை 1974-ல் உருவாக்கியவர் ஜப்பானிய இன்ஜினியர் தக்குவோ அயோயாகி. வேறு எதையோ அளக்கப்போய், நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. அந்த இடைஞ்சலையே அவர் அளவீடாக மாற்றிவிட்டார். அதேபோல் மயக்க மருந்து மெஷினில் ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டும் இடத்தில் இரண்டு முளைகள் இருக்கும். ஆக்சிஜனுக்கு 2, 5-ம் இடங்கள், நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5. மாற்றி மாட்ட நினைத்தாலும் பொருந்தாது. தூக்கக் கலக்கத்தில் மனிதன் தப்புச் செய்வான் என்று தெரிந்தே வடிவமைத்தது. முளை உடைந்தால் "சும்மா அட்ஜஸ்ட் பண்ணி மாட்டுங்க" என்று யாராவது சொன்னால், செய்யவே செய்யாதீர்கள்.

மெஷின் சரி. அதை இயக்கும் டாக்டர் எங்கே? மலையில் இருப்பவர்களுக்கு அதுதான் பிரச்சினை. தேவை தெரிந்துதான் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வாரத்தில் உயிர்காக்கும் மயக்க மருந்துப் பயிற்சி தரும் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் சீமாங் மையங்கள் அமைந்தன. க.விலக்கில் 2004-ல் தொடங்கிய தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பெரிய பலம். ஆனால் மேலே தோட்டத்து லயத்தில் நடுராத்திரி பனிக்குடம் உடைந்தால், இடையில் பதினேழு வளைவுகள் இருக்கின்றன. ஆகவே என் வேண்டுகோள்:

ஒன்று, மலையில் இருக்கும் கர்ப்பிணியைத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கீழே ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

இரண்டு, சேரப்போகும் ஆஸ்பத்திரியில் "ராத்திரியில மயக்க டாக்டர் வர எவ்வளவு நேரமாகும்?" என்று முன்பே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மூன்று, சாப்பிட்ட நேரம், ஆஸ்துமா, மருந்து அலர்ஜி, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை அல்லது ஊசி, முதுகில் நடந்த ஆபரேஷன், முன்பு மயக்கம் கொடுத்தபோது வந்த சிக்கல், ஆடும் பல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபைலில் வையுங்கள். அவசரத்தில் நாக்கு பொய் சொல்லும், தாள் சொல்லாது.

நான்கு, முடிவைக் கேட்க வேண்டியது படுத்திருப்பவரிடம். அன்று அந்த டாக்டர் என்னிடம் சொன்னது இதுதான்: "சார், முதுகு அவங்களோடது. அவங்ககிட்டப் பேசிக்கிறேன்." இரண்டு நிமிஷம், குனிந்து, நிதானமாக விளக்கினார். என் மனைவி, "ஊசியே போடுங்க டாக்டர். புள்ள அழுவுறதக் கேக்கணும்" என்றாள்.

கேட்டாள். வெளியில் நின்ற எங்களுக்கும் கேட்டது. பெண் குழந்தை. அத்தை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, "மாப்ள, நான் பொய் சொல்லிட்டனே" என்று அழுதார். "நானும்தான் அத்தை" என்றேன். சொல்லாமல் இருந்ததும் பொய்தானே.

மகள் இப்போது ஓடி விளையாடுகிறாள். மனைவிக்கு முதுகுவலி இல்லை, அவளைத் தூக்கிக்கொண்டு மாடியேறும் நாள் தவிர!